கோர்ட்டில் பேச முடியாவிட்டால் கிளினிக் எதற்கு?

தங்கச்சி, கோலாலம்பூரில் ரெண்டாம் வருஷம் சட்டம் படிக்கிறீர்கள், பல்கலைக்கழகச் சட்ட கிளினிக்கில் (மாணவர்கள் வக்கீலின் மேற்பார்வையில் மக்களின் சட்டப் பிரச்சினைகளைக் கேட்டு உதவும் இடம்) சேர்ந்தால் கோர்ட்டில் பேச விடமாட்டார்களாமே, நேரம்தான் வீணா என்று கேட்டிருந்தீர்கள். விடமாட்டார்கள், சரிதான். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி அது வக்கீல்களின் வேலை.

ஆனால் அங்கே கற்பது வேறு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் அக்கா வருவார், மேனேஜரின் குணத்திலிருந்து மாமியார் சண்டை வரை எல்லாம் சொல்வார், நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கடிதம் கொடுத்தார்களா, எந்தத் தேதியில் நீக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து எழுத வேண்டும், ஏனென்றால் நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்காவிட்டால் கேஸ் போச்சு. நான் முதல் நாளே மூன்று பக்கம் எழுதிவிட்டு அந்தத் தேதியை மட்டும் கேட்க மறந்தேன். மேற்பார்வை வக்கீல் கொடுத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆலோசனை சொல்வது அவர்தான், நம் வேலை விஷயத்தைத் தெளிவாகத் திரட்டுவது. வக்கீலாவதற்கு முன் செய்யும் 9 மாத சேம்பரிங் பயிற்சியில் எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

கூச்சம் என்றீர்களே, செந்தூலிலிருந்து வரும் ஒரு பாட்டிக்கு மலாய்க் கடிதத்தைத் தமிழில் விளக்கும்போது அது தானாகப் போய்விடும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்: உண்மையான ஆட்கள் பிரச்சினையோடு வருகிறார்களா, இல்லை பள்ளிகளில் சட்ட விளக்கம் மட்டும்தானா? இரண்டாவது என்றால் நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன்.