ஹைபிரிட் கார்: கூடுதல் விலைக்குத் தகுமா?

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன், பெரும்பாலும் நெரிசல்தான். ஹைபிரிட் கார் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பக் கிடைக்குமா? பேட்டரி போனால் பெரிய செலவு என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: நெரிசல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே நான் ஹைபிரிட் பக்கம் சாய்கிறேன். சாதாரண காரில் பிரேக்கை மிதித்ததும், பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மின்மோட்டாரும் அதற்கான பேட்டரியும் உண்டு. பிரேக் பிடிக்கும் நேரத்தில் அந்த மோட்டாரே ஜெனரேட்டராகி, அதில் ஒரு பகுதியை மின்சாரமாக பேட்டரிக்குள் சேர்த்துவிடுகிறது. பச்சை விழுந்ததும் இன்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி நகர்கிறதே, அது இந்த மின்சாரத்தில்தான். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகிறவருக்கு இந்த லாபம் குறைவு.

சரி, கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 300 நாள் என்றால் 12,000 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் 800 லிட்டர் குடிக்கும், 20 தரும் ஹைபிரிட் 600. மிச்சமாகும் 200 லிட்டரின் விலையால் இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடத்தில் பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். அதற்குள் காரை விற்றுவிடுவீர்கள் என்றால் வாங்க வேண்டாம். மைலேஜை விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள், உங்களைப் போல நெரிசலில் ஓட்டுகிற ஒருவரிடம் கேளுங்கள்.

பேட்டரி பயம், 1997இல் டொயோட்டா பிரியஸ் வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஹைபிரிட் கார் தன் பேட்டரியை முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்கக் காலியாகவும் விடாது, அதனால்தான் அது பல வருடம் உழைக்கிறது. ஆனாலும் வாரண்டி முடிந்தபின் மாற்ற நேர்ந்தால் செலவு பெரியதுதான், மறுக்கவில்லை. அதனால் பேட்டரிக்கு எத்தனை வருடம், எத்தனை கி.மீ. வாரண்டி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் துவாரம் வழியாகத்தான் போகிறது. பையை வைத்து அதை அடைத்துவிடாதீர்கள், தூசியும் சேர விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹைபிரிட் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே வகையல்ல. மைல்டு ஹைபிரிட்டில் மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான், தனியாக வண்டியை இழுக்காது. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றும் பிளக்-இன் வகையை வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாமல் வாங்கினால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவீர்கள். எனவே முன்பணம் கட்டுவதற்கு முன்னால், "இன்ஜின் ஓடாமல் மோட்டாரில் மட்டும் இது போகுமா?" என்று கேட்டு, நெரிசலான ஒரு சாலையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.