வாசகர் கேள்வி: விரையும் காற்று, பிந்தும் வேதிவினை

கேள்வி: விண்ணிலிருந்து திரும்பும் கலத்தைச் சுற்றியுள்ள காற்று வேதிச் சமநிலையில் இருப்பதில்லை என்று படித்தேன். வெறும் காற்றில் என்ன வேதிவினை? அதைத் தரையில் எவ்வாறு சோதிக்கிறார்கள்?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேலூரின் கத்திரி வெயில் எவ்வளவு சுட்டாலும் காற்றின் மூலக்கூறுகள் உடைவதில்லை. ஆனால், நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் கலத்தின் முன்னே எழும் அதிர்ச்சி அலை (திடீரென அழுந்திய காற்றின் மெல்லிய முகப்பு), காற்றைப் பல ஆயிரம் கெல்வின் வரை சூடாக்குகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள அழுத்தத்தில் 2500 கெல்வினை ஒட்டி ஆக்சிஜனும், 4000 கெல்வினுக்கு மேல் நைட்ரஜனும் அணுக்களாகப் பிரியத் தொடங்கும். நைட்ரிக் ஆக்சைடும் உருவாகும்.

மூலக்கூறுகள் பலமுறை மோதிய பிறகே இவ்வினைகள் நிறைவுறும்; காற்றோ அதற்குள் கலத்தைக் கடந்துவிடுகிறது. காட்பாடியில் ரயில் போதிய நேரம் நின்றால் இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிடுவார்கள். நின்றும் நிற்காமலும் கிளம்பினால் பலர் ஜோலார்பேட்டைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அந்த ரயிலின் நிலைதான் இந்தக் காற்றின் நிலையும்: வினைகள் முடிந்து நிலைபெறும் வேதிச் சமநிலையை எட்டுமுன்பே அது கடந்துவிடுகிறது.

இது ஏட்டளவிலான நுணுக்கமன்று. 1981-இல் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகத் திரும்பியபோது, அதைச் சமன்செய்ய வால்புற மடலைக் கணித்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சாய்க்க வேண்டியிருந்தது. குளிர்ந்த காற்றில் செய்த சோதனைகள் உயர்வெப்ப வேதிமாற்றத்தைக் காட்டாதது அதற்கான காரணங்களுள் ஒன்று.

எனவேதான் அதிர்ச்சிச் சுரங்கம் என்னும் கருவி தேவைப்படுகிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ரே ஸ்டாக்கர் என்னும் ஆய்வாளர் வளர்த்தெடுத்த முறையில், கனத்த பிஸ்டன் ஒன்று குழாயில் பாய்ந்து ஹீலியத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தம் தாங்காமல் உலோகத் தகடு கிழிந்ததும், அதிர்ச்சி அலை அடுத்த குழாயிலுள்ள காற்றின் ஊடே ஓடி, முனையில் மோதித் திரும்பி, அக்காற்றை மேலும் சூடாக்குகிறது. பிறகு அக்காற்று நாசில் என்னும் விரியும் குழல்வாய் வழியே விரிந்து, கலத்தின் சிறு மாதிரியின்மீது பாய்கிறது. அளப்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. அதற்குள் மாதிரியில் பதித்த உணர்கருவிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பதிவுசெய்ய, லேசர் ஒளியால் நைட்ரிக் ஆக்சைடின் அளவைக் கணிக்கிறார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. நாசிலில் காற்று சட்டென்று குளிர்வதால், பிரிந்த ஆக்சிஜன் அணுக்கள் மீண்டும் இணைய நேரமின்றி அப்படியே மாதிரியை வந்தடைகின்றன. வானத்தில் கலம் எதிர்கொள்வதோ மூலக்கூறுகள் உடையாத காற்றை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத வெப்ப அளவீட்டை நான் ஐயத்துடனேயே பார்ப்பேன். இதைத் தவிர்க்கச் சில ஆய்வகங்களில், அசையாத காற்றினூடே மாதிரியையே குண்டுபோல் சுடுகிறார்கள்; ஆனால், அம்மாதிரி மிகச் சிறியதாகவும், சுடும் அதிர்ச்சியைத் தாங்குவதாகவும் இருந்தாக வேண்டும் என்பதால், அதனுள் கருவி பொருத்துவது எளிதன்று.