தொழில் கேள்வி - பதில்: கார்பெட், சோபா கிளீனிங்

கேள்வி: கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கார்பெட் சுத்தம் செய்யும் தொழில் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். வேலூரில் யார் வீட்டில் கார்பெட் இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். தொழில் ஓடுமா? என்ன மெஷின் வாங்குவது?
- வாசகர், காட்பாடி

பதில்: வீட்டில் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் மொசைக்கும் டைல்ஸும்தான். ஹாலில் ஆறுக்கு ஒன்பது அடியில் ஒரு கார்பெட் கிடந்தாலே பெரிது. போர்டில் 'கார்பெட் கிளீனிங்' என்று மட்டும் எழுதினால் போன் அடிக்காது. 'சோபா, மெத்தை, கார்பெட்' என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வெளிமாநிலத்து நோயாளிக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. அங்கே மெத்தை சீக்கிரம் அழுக்காகிறது. கல்யாண மண்டபத்து மேடை சோபா, கிளினிக் நாற்காலி, கார் சீட், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பள்ளிவாசல்களில் தொழுகைக்கு விரிக்கும் கார்பெட் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் போதும்.

முதலில் வாங்க வேண்டியது 30 லிட்டர் தொட்டியும் இரண்டு மோட்டாரும் உள்ள, ஈரமும் தூசியும் இழுக்கிற வேக்குவம் கிளீனர். அடுத்தது 5 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர். செடிக்கு மருந்தடிக்கும் வகையே போதும். ஆனால் புதிதாக வாங்குங்கள், மருந்தடித்த பழையது வேண்டாம். மென்மையாக ஒன்று, கொஞ்சம் முரடாக ஒன்று என இரண்டு பிரஷ், தரையோடு காற்றடிக்கும் பிளோயர் ஒன்று. இதற்கு மேல் மிஞ்சுகிற பணத்தில் 15,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். ஹோஸ் கிழியும், மோட்டார் கார்பன் தேயும், ஒரு வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்பார். தண்ணீரைப் பீய்ச்சி அந்தக் கையோடு உறிஞ்சும் ஸ்பிரே எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினை வருமானம் வந்த பிறகு வாங்கலாம். வெறும் ஸ்டீமரில் மயங்காதீர்கள். அது அழுக்கை இளக்கும், வெளியே எடுக்காது.

கரன்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மோட்டார் சேர்ந்து 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லாட்ஜ் அறையில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் 5 ஆம்ப்ஸ் பிளக்கில் சொருகினால் கருகிவிடும். ஏ.சி. அல்லது கீசருக்குப் போட்ட பவர் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மி.மீ., மூன்று கம்பி உள்ளது. சுருளை முழுதாகப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதாவது கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: உறவினர் வீட்டுக் கம்பளி கார்பெட்டை ஷாம்பூ போட்டு நன்றாக அலசிக் கொடுத்தேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. இரண்டு நாளில் போன காபிக் கறை அதே இடத்தில் வந்துவிட்டது. ஓரமெல்லாம் பழுப்பு, ஒரு மாதிரி நாற்றம் வேறு. ஷாம்பூ சரியில்லையா?
- வாசகர், வாலாஜா

பதில்: ஷாம்பூவைக் குறை சொல்லாதீர்கள். 'நன்றாக அலசி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தவறு. கார்பெட்டை வேட்டி மாதிரி நனைக்கக் கூடாது. மேல் முடி கம்பளியாக இருந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் பருத்தியோ சணலோ. அது ஊறினால் அதிலுள்ள பழுப்புச் சாயம் தண்ணீரில் கரைகிறது. காயும்போது ஈரம் முடியின் நுனி வழியாகத்தான் ஆவியாகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல முடி அந்தப் பழுப்பையும், அடியில் தங்கியிருந்த காபியையும் மேலே இழுத்துக்கொண்டு வந்து நுனியில் விட்டுவிடுகிறது. ஒரு நாளைக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். நாற்றம் அதனால்தான்.

இப்போதைக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைத்து மூலையில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் பழுப்பு இடத்தில் பனி படிவதுபோல மட்டும் தெளியுங்கள். பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரை லேசாகத் தெளித்து வேக்குவத்தால் இழுங்கள். அதன் மேல் வெள்ளைப் பருத்தித் துண்டை நான்காக மடித்து, கனமான ஒன்றை ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள். ஏறிவரும் கறை கார்பெட் நுனியில் நிற்காமல் துண்டில் இறங்கிவிடும். காலையில் துண்டைத் திருப்பிப் பார்த்தாலே எவ்வளவு தங்கியிருந்தது என்று தெரியும்.

அடுத்த வேலையிலிருந்து இந்த வரிசையை விடாதீர்கள். முதலில் காய்ந்த தூசி. பின்பக்கத்தைத் திருப்பித் தட்டி, முன்பக்கம் இரண்டு திசையிலும் வேக்குவம் போடுங்கள். மண்ணை எடுக்காமல் நனைத்தால் சேறாகும். தூசி இழுக்கும்போது துணி ஃபில்டர் உள்ளே இருக்க வேண்டும், தண்ணீர் இழுக்கும்போது எடுத்துவிட வேண்டும். மாற்றிச் செய்தவர்கள்தான் மோட்டார் கடையில் நிற்கிறார்கள்.

பிறகு ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையடித்து, சாம்பல் கையில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் நைலான், பாலிப்ரோப்பிலீன் வகை. காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டு. பட்டு மாதிரி மினுங்கிக்கொண்டு காகித வாடையும் அடித்தால் அந்த வேலையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், மஞ்சளிக்கும். எந்தக் கூலியும் அந்தப் பழிக்கு ஈடாகாது. சாயம் இறங்குமா என்று ஈர வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தியும் பாருங்கள்.

கம்பளிக்குக் காரமில்லாத, பி.எச். 5 முதல் 8-க்குள் இருக்கும் ஷாம்பூ. துணி துவைக்கும் பவுடர் கூடாது, அது காரம், முடியை முரடாக்கும். லிட்டருக்கு 10 மில்லி கலந்து, 50 சதுர அடிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் தெளியுங்கள். முடி நுனி நனைய வேண்டும், அடித்துணி நனையக் கூடாது. எட்டுப் பத்து நிமிடம் ஊறட்டும், காய விடக் கூடாது. மே மாத வேலூர் வெயிலில் காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய முடியும். மென்மையான பிரஷ், வெறும் தண்ணீர்த் தெளிப்பு, உறிஞ்சல். ஒரு முறை தண்ணீரோடு இழுத்தால் இரண்டு முறை வெறுமனே இழுங்கள். உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் குளிர்ச்சி தெரியலாம், ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு பிளோயர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிளோயர் இல்லாமல் கம்பளி கார்பெட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் கடுமையான உப்பு. ஸ்பிரேயர் மூக்கு அடைக்கிறது, சோபா காய்ந்ததும் விறைப்பாக இருக்கிறது.
- வாசகி, ஆம்பூர்

பதில்: 'சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு' என்று வேலூரைச் சொல்வார்கள். கோட்டைக் கோயில் சாமியான ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறுதான் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது, போரில் வருவதோ உப்பு. ஷாம்பூ கலக்கவும் கடைசித் தெளிப்புக்கும் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துங்கள். மூன்று இருக்கை சோபாவுக்கு ஒரு 20 லிட்டர் கேன் தாராளம். பிரஷ், பக்கெட் கழுவப் போர் தண்ணீரே போதும். அடைத்த மூக்கை லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகித் தெளிப்பு கோணலாகும். விறைப்புக்கு உப்பு பாதிக் காரணம், மீதி ஷாம்பூவை அதிகம் ஊற்றுவது. தங்கிப்போன ஷாம்பூ தூசியைப் பிடித்துவைத்து, அடுத்த மாதமே சோபாவைக் கறுப்பாக்கும்.

கேள்வி: ரமலானுக்கு முன் ஒரு பள்ளிவாசலில் 2,000 சதுர அடி கார்பெட் சுத்தம் செய்யக் கேட்கிறார்கள். எவ்வளவு சொல்வது?
- வாசகர், மேல்விஷாரம்

பதில்: முதலில் நேரக் கணக்கு. சின்ன மெஷின், இரண்டு ஆள் என்றால் மணிக்கு 150 சதுர அடிக்கு மேல் நம்பாதீர்கள். 2,000 அடிக்கு 13 மணி நேரம் தாண்டும். இரவு இஷா தொழுகை முடிந்து விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குள் கார்பெட் காலில் ஈரம் ஒட்டாமல் இருக்க வேண்டும், ஆகவே இரண்டு இரவு. ஒவ்வொரு இரவும் பாதி மண்டபம். கடைசி இரண்டு மணி நேரம் காயவைக்க மட்டுமே என்று ஒதுக்குங்கள். நடைபாதையும் முன் வரிசையில் நெற்றி படும் இடமும்தான் அதிக அழுக்கு, அங்கே முதலில் தொடங்குங்கள்.

தெளிக்க 40 லிட்டர், அலச 100 லிட்டர் ஆகும். திரும்பி வருவது ஏறக்குறைய 100 லிட்டர். 30 லிட்டர் தொட்டியை 20 வந்ததும் காலி செய்ய வேண்டும், நுரை பொங்கி மோட்டாருக்குள் போகாமலிருக்க. அந்தக் கறுப்புத் தண்ணீரை தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் ஊற்றிவிடாதீர்கள். கழிவறை வழியாகப் போகட்டும்.

செலவு: ஆள் கூலி ஒரு இரவுக்கு 900 என்று வைத்தால் நான்கு கூலி 3,600. வண்டி 800. ஷாம்பூ, தண்ணீர் 600. மெஷின் தேய்மானம்: 60,000 ரூபாய்ச் சாமானை 120 வேலை நாளில் மீட்பதாகக் கணக்கிட்டால் நாளுக்கு 500, இரண்டு இரவுக்கு 1,000. மொத்தம் 6,000, சதுர அடிக்கு 3 ரூபாய். இது அடக்கம். லாபத்தை இதன் மேல் வையுங்கள். 'பள்ளிவாசல் வேலை' என்று இதற்குக் கீழே இறங்கினால் அது தொழிலல்ல, நன்கொடை. கொடுப்பதென்றால் நன்கொடை என்றே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக் கூலி கெடாது.

கேள்வி: லைசென்ஸ், கடன்?
- வாசகர், ஆற்காடு

பதில்: சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு இலவசம், ஆன்லைனில் ஆதார், பான் கார்டு போதும். யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 50,000 வரை முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் வங்கியில் கேட்கலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்துவிட்டது. ஆற்காட்டுக்காரர் மாவட்டத் தொழில் மையம் தேடி வேலூருக்கு அலைய வேண்டாம், உங்களுக்கு ராணிப்பேட்டை.

கேள்வி: லாட்ஜ் மெத்தையில் மூத்திர வாடை. பிளீச்சிங் பவுடர் போடலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: கூடாது. மூத்திரத்தில் உண்டாகும் அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். எலுமிச்சை உப்போடு சேர்ந்தால் குளோரின். ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் இது விளையாட்டில்லை. உங்கள் பையில் பிளீச்சிங்கே இருக்க வேண்டாம். என்சைம் கலந்த கிளீனரை, மூத்திரம் இறங்கிய ஆழம்வரை போகும்படி ஊற்றி, மேலே ஈரத்துணி போட்டு, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு உறிஞ்சுங்கள். ஃபோம் நடுவரை ஊறியிருந்தால் மேலே என்ன செய்தாலும் வாடை திரும்பும். மெத்தையை மாற்றச் சொல்லிவிட்டு, வந்து பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.