கேள்வி – பதில்: மெம்பிஸ் நகரத்துப் பக்கவாத்தியக்காரர்கள்

சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரிகளில் விடை எழுதியிருந்தோம். தேவாலயப் பாடலின் உருக்கமும் புளூஸ் இசையின் தாளக்கட்டும் கலந்து 1950-களில் உருவெடுத்த இசை அது என்பதும், டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரம் அதன் முக்கியக் களங்களுள் ஒன்று என்பதுமே அந்த விடையின் சாரம். அதையொட்டிப் பழைய வட ஆற்காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்கள், பாடகர்களைக் காட்டிலும் அவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களைப் பற்றியே கேட்கின்றன. எனவே இந்த இதழின் இடம் முழுவதும் அவர்களுக்கே.

திருமணங்களிலும் திருவிழாக்களிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டே இல்லாத 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற ஆர்கன் இசையை அண்மையில் கேட்டேன். அதை வாசித்தவர்கள் யார்? முறையாகக் கற்றவர்களா, கேள்வி ஞானமா?
– காட்பாடி வாசகர்

அதை வாசித்தது 'புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்' என்ற நால்வர் குழு. மெம்பிஸில் மெக்லெமோர் சாலையில் மூடிக் கிடந்த கேபிடல் என்ற திரையரங்கை ஜிம் ஸ்டூவர்ட் என்ற வங்கி ஊழியரும் அவருடைய அக்காள் எஸ்டெல் ஆக்ஸ்டனும் வாடகைக்கு எடுத்து, ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். பதிவுக் கருவி வாங்குவதற்காக அக்காள் தம் வீட்டை அடமானம் வைத்தார். தின்பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை போட்டார். இருக்கைகளைப் பெயர்த்தெடுத்தார்களே தவிர, திரையை நோக்கிச் சரிந்து செல்லும் தரையைச் சமப்படுத்தப் பணம் இல்லாததால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1962 கோடையில் ஒரு நாள் வேறொரு பாடகருக்கு வாசிப்பதற்காக அங்கே வந்திருந்த நால்வரும், அந்த வேலை நின்றுபோகவே, பொழுதுபோக்காகத் தங்களுக்குள் வாசித்துக்கொண்டிருந்ததை ஸ்டூவர்ட் பதிவு செய்துவிட்டார். இசைத்தட்டாக வெளியிட மறுபக்கத்துக்கு ஒன்று தேவைப்பட்டபோது ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸ் தம்மிடம் இருந்த ஒரு மெட்டை எடுத்துக்கொடுத்தார். தாங்கள் கேட்டது அந்த மறுபக்கத்தைத்தான். கறுப்பின மக்களுக்கான இசைத்தட்டுப் பட்டியலில் அது முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்தையும் பிடித்தது. அப்போது ஜோன்ஸுக்கு வயது 17.

கற்றவர்களா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஜோன்ஸின் தந்தை பள்ளி ஆசிரியர். மகன் பள்ளிக்கூட இசைக்குழுவிலேயே பல கருவிகளைப் பழகியவர். 1960-இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, இதே கூடத்தில் ஒரு பாட்டுக்குச் சாக்ஸபோன் வாசித்தவர். டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சன், நடன அரங்குகளில் பெரிய இசைக்குழுவை நடத்திவந்த தந்தையிடம் சிறுவயதிலேயே தொழிலைப் பழகிக்கொண்டார். கிதார் வாசித்த ஸ்டீவ் கிராப்பர் முன்னே சொன்ன இசைத்தட்டுக் கடையில் விற்பனையாளர். மெம்பிஸின் பழைய இசைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த லூயி ஸ்டைன்பர்க் முதலில் பேஸ் (கீழ்ச்சுரக் கிதார்) வாசித்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் டொனால்ட் டன், கிராப்பரின் பள்ளித் தோழர். ஆறு தந்திக் கிதார் தமக்கு ஒத்துவராது என்று நான்கு தந்தி பேஸுக்கு மாறி, தாமாகவே பழகியவர். இந்த நால்வரில் யார் முக்கியம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஜாக்சனையே சொல்வேன். காரணம் கடைசிக் கேள்விக்கான விடையில் வருகிறது.

எம்.ஜி. என்ற எழுத்துகளைப் பார்த்ததும் நமக்கு வேறொருவர் நினைவுதான் வருகிறது. உண்மையில் அவை எதைக் குறிக்கின்றன?
– வாணியம்பாடி வாசகர்

நினைவு வருவது இயல்பே; ஆனால் கடைசி எழுத்து குறைகிறது. மெம்பிஸ் குரூப் என்பதன் சுருக்கம் என்று நிறுவனம் சொல்லிவந்தது. அப்போது அங்கே வேலை செய்த ஒருவர் வைத்திருந்த எம்.ஜி. காரின் பெயர்தான் அது என்பது மற்றொரு தரப்பு. எனக்குக் கார்க் கதையே நம்பும்படியாக இருக்கிறது.

என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி இசைக்குழுவில் கிதார் வாசிக்கிறான். இசையில் முன்னேற வேண்டுமானால் படிப்பை விட்டாக வேண்டும் என்று வாதாடுகிறான். அந்தக் குழுவில் யாராவது படித்தவர் உண்டா?
– சத்துவாச்சாரி வாசகி

உண்டு அம்மா, அதுவும் குழுவின் தலைவரே. முதல் இசைத்தட்டு நாடு முழுவதும் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் புக்கர் டி. ஜோன்ஸ் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பில் சேர்ந்து, 1966-இல் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகம் இருந்த புளூமிங்டன் நகரத்துக்கும் மெம்பிஸுக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல். வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் வந்து வாசித்துவிட்டுத் திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் ஐசக் ஹேஸ் என்ற இளைஞர் அந்த இடத்தில் அமர்ந்து வாசித்தார். பின்னாளில் அவரும் பெரும் புகழ் பெற்றார். ஜோன்ஸ் படிக்கப் போனதால் ஹேஸுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். ஒன்றை மட்டும் தங்கள் மகனுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஜோன்ஸ் படித்ததும் இசையைத்தான், பொறியியலை அல்ல. கிராப்பரையும் டன்னையும் அவர் எதிர்வாதத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், இந்தப் பக்கத்தை முழுவதுமாகக் காட்ட வேண்டாம்.

நிறவெறிச் சட்டங்கள் இருந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் எப்படி இருந்தார்கள்?
– குடியாத்தம் வாசகர்

கூடத்துக்குள் இருந்தார்கள், வெளியே கடினமாக இருந்தது. டன் சேர்ந்த பிறகு குழுவில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். உள்ளே அவர்களுக்குள் வேற்றுமை பாராட்டவில்லை என்பதை எல்லாருமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நால்வரும் சேர்ந்து தங்கவோ உண்ணவோ நகரத்தில் இடம் அரிது. அவர்கள் தயக்கமின்றிக் கூடிய இடங்களுள் கறுப்பின உரிமையாளர் நடத்திய லொரெய்ன் விடுதியும் ஒன்று. பாடகர் எடி ஃபிளாய்டும் கிராப்பரும் 'நாக் ஆன் உட்' என்ற பாட்டை 1966-இல் இயற்றியது அந்த விடுதி அறையில்தான். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே விடுதியின் மாடத்தில். நகரத் துப்புரவுப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக அவர் மெம்பிஸுக்கு வந்திருந்தார்.

அதன் பிறகு ஸ்டாக்ஸ் கூடம் இருந்த தெருவின் போக்கே மாறியது. வெள்ளையரான கிராப்பரும் டன்னும் அந்தப் பகுதிக்கு வந்துபோவதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள்; கூடத்துக்குள்ளும் பழைய இணக்கம் தளர்ந்தது. நால்வரும் ஒருவரையொருவர் வெறுத்துப் பிரியவில்லை; ஊர் அவர்களைச் சேர்ந்திருக்க விடவில்லை என்பதே பொருத்தமான கூற்று.

ஒரு விமான விபத்தில் குழு முழுவதுமே இறந்துபோனதாகப் படித்தேன். அது இந்தக் குழுவா?
– ராணிப்பேட்டை வாசகி

இல்லை. அது இவர்களுக்கு அடுத்த தலைமுறையான 'பார்-கேஸ்' குழு. பெரும்பாலோர் ஜோன்ஸ் படித்த அதே பள்ளியின் மாணவர்கள்; ஸ்டாக்ஸ் கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்தவர்கள்; அல் ஜாக்சன் போன்ற மூத்தவர்களிடம் தொழில் பழகியவர்கள். 1967-இல் அவர்கள் பதிவு செய்த 'சோல் ஃபிங்கர்' இசைத்தட்டில் ஒரு கூட்டமே கூச்சலிடுவது கேட்கும். அது தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைக் கூடத்துக்குள் அழைத்துவந்து பதிவு செய்த கூச்சல். கூலியாகக் கொடுத்தது கோக்க-கோலா. அந்த இசைத்தட்டின் வெற்றியால் பாடகர் ஓடிஸ் ரெடிங் அவர்களைத் தம் பயணக் குழுவாகச் சேர்த்துக்கொண்டார்.

1967 டிசம்பர் 10 அன்று கிளீவ்லாந்திலிருந்து மேடிசன் நகரத்துக்குச் சென்ற ரெடிங்கின் சிறிய விமானம் மொனோனா ஏரியில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் ரெடிங்கும், கிதார் வாசித்த ஜிம்மி கிங், ஆர்கன் வாசித்த ரோனி கால்ட்வெல், சாக்ஸபோன் வாசித்த ஃபேலன் ஜோன்ஸ், டிரம்ஸ் வாசித்த கார்ல் கன்னிங்ஹாம் ஆகியோரும் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். குழுவைச் சேர்ந்த அந்த நால்வரும் இருபதைத் தாண்டாதவர்கள். டிரம்பெட் வாசித்த பென் காலி மட்டும் இருக்கையின் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உறைபனி நீரில் மிதந்து பிழைத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர், சிறிய விமானத்தில் எல்லாருக்கும் இடமில்லாததால் வேறு விமானத்தில் வந்தவர். உடல்களை அடையாளம் காட்டும் வேலை அவர் மேல் விழுந்தது.

தாங்கள் படித்தது அத்துடன் முடிந்திருக்கும், குழு முடியவில்லை. காலியும் அலெக்சாண்டரும் புதியவர்களைச் சேர்த்துக் குழுவை மறுபடி அமைத்தார்கள். ஐசக் ஹேஸ் 1969-இல் வெளியிட்ட, நீண்ட பாட்டுகளைக் கொண்ட புகழ்பெற்ற இசைத்தொகுப்புக்கு வாசித்தது அந்தப் புதிய குழுதான். 1970-களில் ஃபங்க் இசைக்கு மாறி இன்னொரு சுற்று வெற்றி கண்டார்கள். காலி 1989-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டும் தேறி வந்து மீண்டும் டிரம்பெட் வாசித்து, 2015-இல் காலமானார். அலெக்சாண்டர் தம் மகனுக்கு இறந்த நண்பரின் நினைவாக ஃபேலன் என்று பெயரிட்டார். ஜேஸி ஃபே என்ற பெயரில் ஹிப்-ஹாப் உலகம் அறிந்த இசைத் தயாரிப்பாளர் அந்த மகனே.

பட்டு வியாபாரம் செய்பவன் என்பதால் கேட்கிறேன். இவ்வளவு புகழ் பெற்றவர்களுக்குப் பணம் வந்ததா? பிறகு ஏன் பிரிந்தார்கள்?
– ஆரணி வாசகர்

தொடக்கத்தில் பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. பின்னர் வாரச் சம்பளம். அதன் பின் தயாரிப்பு வருமானத்தில் ஒரு பங்கு. பாட்டை இயற்றுவதிலும் கைகொடுத்த கிராப்பருக்கு உரிமத்தொகையும் வந்தது. மற்றவர்கள் உருவாக்கிக் கொடுத்த பேஸ் நடைக்கும் தாளக்கட்டுக்கும் அப்படியொரு உரிமை கிடையாது. நம் திரையிசையில் வாசித்தவர்களின் நிலையும் வேறல்ல என்பதால் இதை விரிக்கவில்லை.

வியாபாரி என்ற முறையில் தாங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஸ்டாக்ஸின் இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசென்றது நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். கைகுலுக்கலில் நடந்துவந்த உறவை 1965-இல் ஒப்பந்தமாக எழுதினார்கள். அதைக் கூர்ந்து படிக்காமல் ஸ்டூவர்ட் கையெழுத்திட்டார். அட்லாண்டிக் வேறு கைக்கு மாறியபோது, 1968-இல் தான் தெரிந்தது: அதுவரை அவர்கள் விநியோகித்த மூலப் பதிவுகள் அத்தனையும் ஸ்டாக்ஸுக்குச் சொந்தமில்லை. மூலதனத்தை இழந்த ஸ்டாக்ஸ் நிறுவனம் அவசர அவசரமாகப் புதிய பதிவுகளைக் குவிக்கத் தொடங்கியது. நாள்தோறும் கூடி, வாய்த்ததை வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் போயிற்று. ஜோன்ஸ் கலிபோர்னியாவுக்குப் போனார். 1970-இல் கிராப்பரும் விலகினார். 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. கட்டடத்தை 1989-இல் இடித்துவிட்டு, பின்னர் அதே இடத்தில் அதே முகப்போடு அருங்காட்சியகம் கட்டி 2003-இல் திறந்தார்கள். நம் ஊர்களிலும் இடிப்பது எளிதாகத்தான் நடக்கிறது. திரும்பக் கட்டுவதைத்தான் காணோம்.

பிரிந்த பின் எவரும் சோடைபோகவில்லை. பாடகர் பில் விதர்ஸின் முதல் இசைத்தொகுப்பை 1971-இலும், பாடகர் வில்லி நெல்சனின் மிகப் பெரும் வெற்றி பெற்ற தொகுப்பு ஒன்றை 1978-இலும் தயாரித்தவர் ஜோன்ஸ். ஜாக்சன் மெம்பிஸின் மற்றொரு இசைத்தட்டு நிறுவனமான 'ஹை ரெக்கார்ட்ஸில்' பாடகர் அல் கிரீனுக்கு வாசித்தார். பாட்டு இயற்றுவதிலும் பங்கு பெற்றார். நால்வரும் மீண்டும் சேர்வதென்று பேசியிருந்த வேளையில், 1975 அக்டோபர் 1 அன்று ஜாக்சன் தம் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 39. எஞ்சிய மூவரும் வேறு டிரம்ஸ் கலைஞர்களோடு பின்னாளில் பல மேடைகளில் வாசித்தார்கள். டன் 2012-இல் டோக்கியோவில் கச்சேரிகளை முடித்த பின் உறக்கத்தில் இறந்தார். அந்தப் பிற்காலக் கச்சேரிகள் நேர்த்தியானவை. ஆயினும் மெக்லெமோர் சாலைக் கூடத்தில் பிறந்த ஒலி அவற்றில் இல்லை என்பது என் கருத்து. ஒரே ஊரில், ஒரே அறையில், அன்றாடம் சேர்ந்து வாசித்த பழக்கமே அந்த ஒலியை உண்டாக்கியது. திறமை மட்டும் இருந்தால் அது மேடைதோறும் வந்திருக்கும்.

நான் தெருக்கூத்து ஜமாவில் மிருதங்கம் வாசிப்பவன். எங்கள் பின்பாட்டுக்காரர்கள் இல்லாமல் வேஷக்காரர் ஓர் அடியும் வைக்க முடியாது. இவர்களும் அப்படித்தானா? இவர்கள் வாசிப்பில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?
– செய்யாறு பகுதி வாசகர்

தாங்கள் சொல்லும் உவமை பெரும்பாலும் சரி. ஆர்மோனியமும் முகவீணையும் தாளமும் சூழப் பெஞ்சில் அமர்ந்து வேஷக்காரரின் காலைப் பார்த்து வாசிக்கும் தங்களுக்கு அவர்களை எளிதில் புரியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆடுபவர் இல்லை என்பதுதான் வேறுபாடு. அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1965-இல் வில்சன் பிக்கெட் என்ற பாடகர் 'இன் தி மிட்நைட் ஹவர்' பாட்டைப் பதிவு செய்ய வந்தபோது, உடன் வந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர், நகரத்து இளைஞர்கள் அப்போது ஆடிய ஜெர்க் என்ற நடனத்தைத் தாமே ஆடிக்காட்டி, இரண்டாம் அடியில் எங்கே நிறுத்தி விழ வேண்டும் என்று விளக்கினார். அதைப் பார்த்த ஜாக்சனும் கிராப்பரும் நான்கு எண்ணிக்கைத் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளை இம்மியளவு பிந்தி வைத்தார்கள். வேகம் குறையாது, அடி மட்டும் சற்றுப் பின்னே சாய்ந்து விழும். அன்று முதல் அது அந்தக் கூடத்தின் முத்திரையாகவே ஆனது.

ஆகவே அந்தப் பாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரை விட்டுவிட்டு ஸ்னேர் டிரம்மில் விழும் அடியை மட்டும் கையால் தட்டிப் பாருங்கள். தாங்கள் எப்போதும் ஒரு மயிரிழை முந்திவிடுவீர்கள். அந்த அடி கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று விழுவதையும் கவனியுங்கள். ஸ்னேர் தோலின் மேல் தம் பணப்பையை வைத்து அதிர்வை அடக்குவது ஜாக்சனின் வழக்கம் என்று உடன் வாசித்தவர்கள் சொல்வார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசுகிற தங்களுக்கு அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை டன்னின் பேஸை மட்டும் கேளுங்கள். பிறகு 'கிரீன் ஆனியன்ஸ்' கேட்கும்போது கிராப்பர் எத்தனை இடங்களில் வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். காட்பாடி வாசகருக்கும் அது பயன்படும்.