சூரியக் காற்றைப் படிக்கப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இயற்பியல் பட்டம் முடித்து, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக வேலை செய்கிறேன். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் விண்கலத் தரவுகளை வைத்துச் சூரியக் காற்றை ஆராய முனைவர் பட்ட ஆய்வாளரைத் தேடுகிறது. விண்வெளி இயற்பியலை நான் பாடமாகப் படித்ததே இல்லை. அப்பா, "நிரந்தர வேலையை விட்டுட்டுக் காத்தப் படிக்கப் போறியா?" என்கிறார். விண்ணப்பம் போடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தரவை இந்த வாரமே திறந்து பார்த்துவிடுங்கள்.

இந்தத் துறையின் பெரிய வசதியே அதுதான். 1994-இல் ஏவப்பட்ட விண்ட் விண்கலம், 2018-இல் சூரியனை நோக்கிக் கிளம்பிய பார்க்கர் விண்கலம் இவற்றின் அளவீடுகளெல்லாம் நாசாவின் சிடிஏவெப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பைதான் தெரிந்தால் பட்டர்வொர்த்தில் உங்கள் அறையிலிருந்தே இறக்கி வரைபடம் போடலாம். அந்த ஆய்வில் சேர்ந்தால் கூடுதலாகக் கிடைப்பது நேரமும், அந்த வரைபடத்தைப் பார்த்து "இது ஏன் இப்படி இருக்கு?" என்று விடாமல் கேட்கும் ஒரு பேராசிரியரும்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா ஒரு மில்லியன் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, அந்தச் சூட்டில் சூரியனின் ஈர்ப்பாலும் பிடித்து வைக்க முடியாமல் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகின்றன, அதுதான் சூரியக் காற்று. நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர், சில நேரம் 800 வரை. நம்மிடம் வந்து சேர நான்கு நாள்போல ஆகும். வெளியேறி விரியும் வாயு வழியெல்லாம் வேகமாகக் குளிர்ந்துகொண்டே போக வேண்டும் அல்லவா? இது அவ்வளவு குளிர்வதில்லை. வழியில் யாரோ சூடேற்றுகிறார்கள், கொந்தளிப்பா அலைகளா என்று இன்னும் வாதம் நடக்கிறது. 2024 டிசம்பர் 24 அன்று பார்க்கர் விண்கலம் சூரியனின் மேற்பரப்பிலிருந்து 6.1 மில்லியன் கிலோமீட்டர் வரை நெருங்கிப் போனதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

நம்மவர் ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. யூஜின் பார்க்கர் 1958-இல் இப்படியொரு காற்று வீச வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவர் வேண்டாம் என்றார்கள். அந்த இதழுக்கு அப்போது ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் பார்க்கர் சொன்ன முடிவு பிடிக்கவில்லை, ஆனால் கணக்கில் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு வெளியிட்டார். 1962-இல் வெள்ளிக் கோளுக்குப் போன மேரினர் 2 விண்கலம், வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்துகொண்டே போனது.

இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு சிப் டெஸ்டில் தோற்றால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? சிப் கெட்டதா, சாக்கெட் சரியாகத் தொடவில்லையா, டெஸ்டரே பிசகிவிட்டதா? விண்கலத் தரவோடு வேலை செய்பவரும் பாதி நேரம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். பூமிக்கு அருகில் சூரியக் காற்றின் காந்தப்புலம் சாதாரணமாக 5 நானோடெஸ்லா அளவுதான், விண்கலத்தின் சொந்த மின்சுற்றுகளே அதைக் கெடுத்துவிடும் என்பதால் காந்தமானியை நீளமான கம்பத்தின் முனையில் தள்ளி வைக்கிறார்கள், அப்படியும் சுழலும் கலத்தின் சுழற்சி அலையாகத் தரவில் ஒட்டிக்கொண்டு வரும். அளவீடு இல்லாத இடங்களில் 9999 என்று ஒன்பதுகளாக நிரப்பி வைத்திருப்பார்கள், அதை நீக்காமல் சராசரி எடுத்தால் உலகத்தில் இல்லாத வேகம் கிடைக்கும். இந்தச் சந்தேகப் புத்தி பாடப்புத்தகத்தில் வராது, உங்களுக்கு வேலையிலேயே வந்திருக்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் இதை வெட்கப்படாமல் எழுதுங்கள். "சிறுவயதிலிருந்தே நட்சத்திரங்கள் பிடிக்கும்" என்ற வரியை விட்டுவிடுங்கள். 2024 மே 10, 11 தேதிகளின் பெரும் காந்தப் புயலை (சூரியக் காற்று பலமாக மோதிப் பூமியின் காந்தப்புலம் குலுங்குவது) எடுத்து, காற்றின் காந்தப்புலம் எப்போது தெற்கே திரும்பியது, பூமியின் காந்தப்புலம் எப்போது ஆட்டம் கண்டது என்று ஒரே ஒரு வரைபடம் போட்டுக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லலாம். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை ஒரு சுமாரான காந்தப் புயலிலேயே போய்விட்டன, வளிமண்டலம் சூடாகி உப்பி அவற்றை இழுத்துவிட்டது. இந்தக் காற்றைக் கவனிக்க ஆள் தேவைப்படுகிறது. அவர் பயம் நியாயமானது, அதையும் சொல்கிறேன். ஆய்வு ஒப்பந்தம் முடிந்தபிறகு பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் கிடைப்பது கடினம், பலர் தரவு வேலைக்கே திரும்புகிறார்கள்.

அறிவிப்பை மறுபடி படியுங்கள். சம்பளத்தோடு பணியாளராகச் சேர்க்கிறார்களா, உதவித்தொகை மட்டுமா, எத்தனை வருடம், வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டா. ஸ்வீடன், பின்லாந்து பக்கம் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர்தான். கைக்காசு போட்டுப் போகிற இடம் என்றால் வேண்டாம்.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டிய விரிவுரையாளருக்கு இன்றே எழுதுங்கள், செமஸ்டர் முடிகிற நேரத்தில் கேட்டால் அவருக்குக் கை ஓயாது. அந்த வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா
கோலாலம்பூர்