மெத்தைய எரிக்க வேணாம் தங்கச்சி

கேள்வி: எங்க கடுவன் பூனைக்கு ஆறு வயசு. ரெண்டு மாசமா மாமியா படுத்த மெத்தையில ஏறி குந்திக்கிட்டு ஒண்ணுக்குப் போகுது. மாமியாதான் அதுக்கு சோறு வைப்பாங்க, அவங்க பக்கத்துலதான் படுக்கும். அவங்க இப்ப கொழும்புல கொழுந்தன் வீட்டுல, மூணு மாசத்துக்குன்னு சொல்லி அனுப்பினோம். அடுப்படியில சோத்துத் தட்டுக்குப் பக்கத்துலயே மண் பெட்டி வச்சும் அதுல போகல. மூக்கைத் தேய்ச்சேன், வெளக்குமாத்தால அடிச்சேன், திருந்தல. மெத்தை எப்படியும் இனி தேவைப்படாது, எரிச்சிடலாமான்னு பாக்குறேன். பூனைய எப்படி பழக்குறது? – வாசகி, ஹட்டன்

பதில்: மொதல்ல நாளைக்கே பூனைய மிருக டாக்டர்கிட்ட காட்டுங்க. கடுவனுக்கு மூத்திரம் அடைச்சுக்கிட்டா ரெண்டு நாள்ல உயிரே போயிரும், குந்தி முக்கி சொட்டு சொட்டா போகுதுன்னா நாளைக்குன்னு கூட தள்ளாதீங்க.

நோய் ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்றத கேளுங்க. எல்லை போடுற கடுவன் பெரும்பாலும் நின்னுக்கிட்டு வாலைத் தூக்கி சுவத்துல பீச்சும், மெத்தைல குந்துறது கம்மி. அது தன்னோட வாசனைய மாமியா வாசனையோட சேத்து வைக்குதுன்னுதான் எனக்குத் தோணுது. பூனைக்கு ஆள் அடையாளத்துல வாசனை பெரிய விஷயம், கன்னத்த நம்ம மேல தேய்க்குறதும் அதுக்குத்தான். எங்க அப்பாயி தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்து இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில, இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்துப் போட்டா, எங்க பூனை அந்த ஈரப் படங்குல ரெண்டு கன்னத்தையும் மாறி மாறி தேய்ச்சு முடிச்சாதான் சோத்துப் பக்கமே திரும்பும், அப்பாயிக்கு காய்ச்சல்னு மலைக்குப் போகாத நாள்ல காஞ்சு கிடக்குற படங்க மோந்து பாத்துட்டு அங்கயே உக்காந்திருக்கும். உங்க கடுவனுக்கு அந்த மெத்தையில சூடும் இருந்துச்சு, நமக்கு வேர்க்குற 30 டிகிரிக்கு மேலதான் பூனைக்கு இதமே, ஹட்டன் குளிர்ல கெழவி கம்பளி விட்டா வேற எங்க போகும்?

நீங்க என்ன பண்ணீங்க, அடிச்சீங்க. அடிச்சதையும் மூத்திரத்தையும் பூனையால சேத்துப் பாக்க முடியாது, உங்க கை வந்தா ஓடணும்னு மட்டும்தான் படிச்சிருக்கும். சாப்பிடுற எடத்துக்குப் பக்கத்துல ஒண்ணுக்குப் போக பூனைக்குப் பிடிக்காது, நீங்க போவீங்களா? பெட்டிய ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு மாத்துங்க, தெனமும் அள்ளுங்க. சாப்பாடு மாமியா வச்ச அதே நேரத்துக்கு, அதே தட்டுல. வெங்காயம் போட்ட எதுவும் வேணாம், பூனையோட ரத்தத்தையே கெடுக்கும்.

இது எல்லாம் ஒரு பக்கம். உங்க கடிதத்துல என்னைத் தூங்க விடாதது பூனை இல்ல. "மெத்தை எப்படியும் இனி தேவைப்படாது." மூணு மாசத்துக்குன்னு சொல்லி அனுப்பினவங்களோட மெத்தை எப்படிம்மா தேவைப்படாம போகும்? ரெண்டு மாசம்தானே ஆகுது? அப்ப நீங்க முடிவு பண்ணிட்டீங்க, அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லல. உங்க வீட்டுக்காரருக்காவது தெரியுமா?

இப்படி எத்தனை வீடு பாத்துட்டேன், சின்னவன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்னு அனுப்புறது, திரும்பி வர்றதுக்குள்ள அந்த காம்பராவுல பிள்ளைக்குப் படிக்க மேசை போட்டுர்றது. உங்களுக்கு கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், வயசானவங்கள வச்சு பாக்குறது லேசு இல்ல, ஒரு ஆள் தலையில மட்டும் விழவும் கூடாது, கொழுந்தனும் காசு தரணும் வந்து நிக்கணும். அத நேரா பேசுங்க. ஆனா அவங்க இருக்க வேண்டிய எடம் உங்க வீடுதான், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. வாழ்ந்த ஊரு, பேச்சுத் துணைக்கு பக்கத்து வீட்டு ஆளுங்க, காலடியில பூனை, இத எடுத்துட்டு கொழும்புல டிவி முன்னாடி உக்கார வச்சா அது கவனிப்பு ஆகாது.

மெத்தைய வினாகிரி கலந்த தண்ணில தொடச்சு வெயில் வர்ற அன்னைக்கு காய வைங்க, ப்ளீச் கூடவே கூடாது. காயுற வரைக்கும் மாமியாவோட பழைய சேலை ஒண்ண பூனை படுக்குற எடத்துல போட்டு வைங்க. அப்புறம் இன்னைக்கு ராத்திரியே அவங்களுக்கு ஒரு போன் போட்டு, கூட்டிட்டு வர எந்த நாள்ல ஆள் வரட்டும்னு கேளுங்க.