மாடு அப்புறம் வாங்கலாம், முதலில் மேற்கு வேலி

கேள்வி: அண்ணாச்சி, வள்ளியூருக்குக் கிழக்கே, இராதாபுரம் போகிற வழியில் 80 சென்ட் செவல் நிலம் வாங்கியிருக்கிறேன். பம்பாயில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். வீட்டுக்கு வேண்டிய காய், பயறு, பால், முட்டை எல்லாம் இங்கேயே எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. தற்சார்புப் பண்ணை அமைத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவர் பேச்சைக் கேட்டு, ஜேசிபி விட்டு உடைமரங்களை எல்லாம் வழித்தேன். ஆடிப்பட்டம் என்று சொல்லி மா, கொய்யா, சப்போட்டா என 60 கன்று வைத்தார். 41 கருகிவிட்டது. போர்த் தண்ணீர் லேசாக உவர்க்கிறது. உரம் பற்றவில்லை, நாட்டு மாடு நின்றால் எல்லாம் சரியாகும் என்கிறார். கன்றோடு 75,000 ரூபாய் கேட்கிறார். எந்த மாடு வாங்கலாம்? மிச்சக் கன்றுகளுக்கு என்ன உரம் வைக்கலாம்? மேற்கே ஹாலோ பிளாக் சுவர் கட்டலாமா? கையிருப்பு கரைவதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: தம்பி, மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் கெஞ்சியாவது திரும்ப வாங்குங்கள்.

உங்கள் கன்றுகளைக் கொன்றது உரக் குறைவு இல்லை, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் மேல்காற்று, வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை உங்கள் நிலத்தின் மேல்தான் போகிறது. முப்பந்தல், பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. தென்காசி, செங்கோட்டையில் அதே காற்று சாரலோடு வருகிறது. உங்களுக்கு மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, வறண்ட காற்று மட்டும் வருகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஆடியில் ஈரம் இருக்கிற ஊருக்குச் சொன்னது. இராதாபுரத்து மானாவாரிக்குப் புரட்டாசிப் பட்டம்தான். இந்த மண்ணில் ஒரு ஆடி மாதம் நின்று பார்த்த எவரும் அந்த மாதத்தில் கன்று வைக்கச் சொல்ல மாட்டார். நாற்று விற்பவருக்கு எல்லா மாதமும் நடவு மாதம்தான், கன்று செத்தால் மறுபடியும் அவரிடம்தானே போக வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு அந்த உடைமரங்கள். சீமைக் கருவேலம் நின்று அதை வேரோடு எடுத்திருந்தால் சரி. குடை விரித்தாற்போல் நிற்கும் நம் உடையை ஏன் எடுத்தீர்கள்? காசில்லாமல் நின்ற காற்றுத்தடுப்பு அது. அதன் நெற்றை ஆடு தின்னும், முள் வேலிக்கு ஆகும். ஓரத்தில் ஒன்றிரண்டு தூர் மிஞ்சித் துளிர்த்தால் தொடாமல் விடுங்கள்.

சுவர் வேண்டாம். காற்று சுவரில் மோதி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும், கன்று முறியும். உயிர்வேலி காற்றைப் பாதி உள்ளே விட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்று அடங்கும் என்பது கணக்கு. உங்கள் 80 சென்ட் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 185 அடி சொச்சம். மேற்கு ஓரத்தில் 15 அடி உயர வேலி நின்றால் 150 அடி காப்பாற்றப்படும். ஏறக்குறைய உங்கள் நிலம் முழுவதும்.

வேலியை இப்படிப் போடுங்கள். வெளி வரிசையில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை. அது உங்கள் பிள்ளைகள் காலத்துக்கு. அடுத்து அடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, கட்டைவிரல் கனத்தில், நாலடி நீளத்தில். பழைய வேலி வைத்திருக்கிற யாரிடமாவது கேளுங்கள், கவாத்து செய்கிற சமயம் சும்மாவே கொடுப்பார்கள். அதற்கு உள்ளே வேம்பும் பூவரசும், அதற்கும் உள்ளே கிளைரிசிடியா என்கிற தழை மரமும் அகத்தியும். அகத்தியை முன்வரிசையில் வைத்துவிடாதீர்கள், காற்றுக்கு ஒடியும். இப்போது ஆவணிக் கடைசி. மழைக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. புரட்டாசிக்குள் போத்து மண்ணில் இறங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்தால்தான் அடுத்த ஆனியைத் தாங்கும். முதல் வருடம் உங்கள் உழைப்பு முழுவதும் இந்த வேலிக்கும் வரப்புக்கும் போகட்டும். நான் பார்த்தவரையில், வேலியில் தொடங்கியவர்கள் நிலத்தில் நிலைத்திருக்கிறார்கள். மாட்டில் தொடங்கியவர்கள் மாட்டை விற்று, பிறகு நிலத்தையும் விற்றார்கள்.

ஏன் என்று கேட்டால், ஒரு பசுவுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், வைக்கோல் தனி. வருடத்துக்கு ஒன்பது டன். உவர்க்கும் போரை நம்பி இந்த நிலத்தில் அதை விளைவிக்க முடியாது. தீவனத்தை விலைக்கு வாங்கினால் அதற்குப் பெயர் தற்சார்பு இல்லை. வேலி ஆளுயரம் வந்து தழை கழிக்கும் பருவத்தில், சங்கரன்கோவில், சாத்தூர் பக்கத்துக் கன்னி ஆடு இரண்டு பெட்டை வாங்குங்கள். பால்கன்னியோ செங்கன்னியோ, இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அப்போதும் மாட்டு ஆசை இருந்தால் எழுதுங்கள், பேசுவோம். கோழி நாலைந்து இப்போதே விடலாம்.

மிச்சம் நிற்கிற 19 கன்றுக்கு உரம் வைக்காதீர்கள். உவர்த் தண்ணீர் குடித்துத் தவிக்கிற வேருக்கு உரமும் இன்னொரு உப்புதான். ஒவ்வொரு கன்றுக்கும் மேற்கே பனை ஓலைத் தட்டி ஒன்று ஊன்றுங்கள், தூரில் அரை அடிக்குக் காய்ந்த இலை, சருகால் மூடாக்குப் போடுங்கள். தண்டை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா பாருங்கள், கருகியதிலும் சில துளிர்க்கக்கூடும். மா உப்புக்கு முதலில் படுக்கும். சப்போட்டா தாங்கும்.

தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது. அப்போது மழைத் தண்ணீர்தான் கதி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் உங்கள் 80 சென்ட்டில் 32,000 லிட்டர் விழுகிறது. சுற்றிலும் ஒன்றரை அடி வரப்பும், தாழ்ந்த மூலையில் ஒரு குட்டையும் இருந்தால் அது உங்களுடையது. மண்ணில் தங்கின உப்பையும் அந்த மழையே கழுவி இறக்கும். நிலத்தை வழித்த ஜேசிபியையே இன்னொரு நாள் வாடகைக்குக் கூப்பிட்டுக் குட்டையை எடுத்துவிடுங்கள்.

அரிசி இந்த நிலத்தில் வராது, அதை அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயியிடம் நேரடியாக வாங்குங்கள். முதல் மழைக்கு உளுந்து, தட்டாம்பயறு, கொஞ்சம் கம்பு தெளித்துவிட்டால் தை பிறக்கும்போது வீட்டுக்குப் பயறு இருக்கும். வீட்டோரம் முருங்கை.

தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் எழுதுங்கள், குட்டையை எங்கே எடுப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.